எஞ்சின் முதல் ஐஸ் பிளாண்ட் வரை: வெப்ப இயக்கவியல் சுழற்சிகளை வகைப்படுத்தும் முறை

காரைக்குடியில் டிப்ளமோ மாணவர்களுக்கு வெப்பப் பொறியியல் சொல்லிக்கொடுத்து வருகிறேன். எந்த இயந்திரத்தின் முன்னால் நிறுத்தினாலும் அவர்கள் முதலில் சுழற்சியின் (அதற்குள் இருக்கும் பொருள் பல நிகழ்வுகளைக் கடந்து தொடங்கிய நிலைக்கே திரும்பும் சுற்றின்) பெயரைச் சொல்லிவிட்டுப் பிறகுதான் காரணம் தேடுகிறார்கள். டீசல் ஊற்றினால் டீசல் சுழற்சி, நீராவி தெரிந்தால் ராங்கின், ஏதாவது குளிர்ந்தால் ஆவி அமுக்கம் என்று விடை வந்துவிடுகிறது. எரிபொருளின் பெயரும் இயந்திரத்தின் பெயரும் வகைப்பாட்டுக்கு அடிப்படை ஆவதில்லை. கீழே உள்ள கேள்விகளை இதே வரிசையில் கேட்டு வந்தால் பெயர் கடைசியில் தானாக வந்து நிற்கும். வரிசையை மாற்றினால் எங்கே தடுமாற நேரும் என்பதையும் அந்தந்த இடத்தில் சொல்லியிருக்கிறேன்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நான்கு நிகழ்வுகள் மனப்பாடமாக இருக்க வேண்டும்: வெப்பநிலை மாறா நிகழ்வு, அழுத்தம் மாறா நிகழ்வு, பருமன் மாறா நிகழ்வு, வெப்பப் பரிமாற்றமில்லா நிகழ்வு. பெயர் மட்டும் தெரிந்தால் போதாது. அழுத்தம்–பருமன் வரைபடத்திலும் வெப்பநிலை–என்ட்ரோபி (பரிமாறும் வெப்பத்தைக் கெல்வின் வெப்பநிலையால் வகுத்துக் கணக்கிடும் பண்பு) வரைபடத்திலும் ஒவ்வொன்றின் கோடும் எப்படிச் செல்லும் என்பதைப் புத்தகத்தைப் பார்க்காமல் வரையத் தெரிய வேண்டும். ஒரு வரைபடத்தில் பிடிபடாத பிழை மற்றொன்றில் பளிச்சென்று தெரியும் என்பதால்தான் இரண்டையும் கேட்கிறேன்.

நீராவி அட்டவணை ஒன்றும், நீங்கள் ஆராயும் குளிர்பதனப் பொருளுக்கான அழுத்தம்–என்தால்பி (உள்ளாற்றலுடன் அழுத்தம், பருமன் இவற்றின் பெருக்கத்தைக் கூட்டிய அளவு) வரைபடம் ஒன்றும் வேண்டும். வெப்பநிலை எல்லாம் கெல்வினிலும், அழுத்தம் எல்லாம் தனி அழுத்தமாகவும் (வெற்றிடத்தைப் பூச்சியமாகக் கொண்டு அளப்பது) இருக்க வேண்டும். அழுத்தமானி காட்டுவது வளிமண்டல அழுத்தத்துக்கு மேற்பட்ட அளவை மட்டுமே. அதனுடன் ஏறத்தாழ 1 பார் கூட்டாமல் கணக்கைத் தொடங்கியவர்கள் எங்கே போய் நிற்கிறார்கள் என்பதை எட்டாம் படியில் காட்டுகிறேன்.

2. இது சுழற்சிதானா என்று முதலில் பாருங்கள்

இந்தப் படியைத்தான் பெரும்பாலானோர் தாண்டிச் செல்கிறார்கள். ஒருமுறை மாணவர்களை ஊருக்கு அருகிலுள்ள ஓர் அரிசி ஆலைக்கு அழைத்துச் சென்றேன். உமியை எரிக்கும் பாய்லர், அதிலிருந்து தடித்த குழாய், குழாயின் முடிவில் நெல் வேகும் தொட்டி, தொட்டியின் மேலே புகை போல எழும் ஆவி. திரும்பி வந்து எழுதிய அறிக்கைகளில் பாதிக்கு மேல் ராங்கின் சுழற்சி என்றே இருந்தது. ஆனால் அந்த நீராவி எந்த டர்பைனையும் சுழற்றவில்லை. நெல்லை வேக வைத்துவிட்டுக் காற்றில் கலந்துவிட்டது. பாய்லர் இருக்குமிடமெல்லாம் ராங்கின் ஆகாது. அதே ஆலையில் நீராவியை முதலில் ஒரு டர்பைன் வழியாகச் செலுத்தி மின்சாரம் எடுத்திருந்தால் விடை வேறாக இருந்திருக்கும்.

சுழற்சி என்று ஏற்க இரண்டு நிபந்தனைகள் உண்டு. செயல்படு பொருள் (இயந்திரத்துக்குள் வேலை செய்யும் வாயு அல்லது திரவம்) தொடங்கிய நிலைக்கே திரும்ப வேண்டும். ஒரு சுற்று முடியும்போது வெப்பம் வேலையாக மாறியிருக்க வேண்டும், அல்லது வேலையையோ வெப்பத்தையோ செலுத்திக் குளிர்ந்த இடத்திலிருந்து சூடான இடத்துக்கு வெப்பம் ஏற்றப்பட்டிருக்க வேண்டும். மண்பானையில் தண்ணீர் குளிர்வது ஆவியாதலால் நடப்பது. ஆவியான நீர் திரும்புவதில்லை, யாரும் வேலை செலுத்துவதும் இல்லை. சித்திரை மாதத்தில் இங்கே வீட்டுக்கு வீடு ஓடும் ஏர் கூலரும் அதே கதைதான். அதிலுள்ள மோட்டார் காற்றைத் தள்ளுகிறது, தண்ணீரை ஏற்றுகிறது, அவ்வளவே.

பெல்டியர் தகடு கொண்டு குளிரும் சிறு பெட்டிகளையும் இங்கேயே விலக்கிவிடுங்கள். அவற்றில் சுற்றிவரும் பாய்மம் எதுவும் கிடையாது. மின்னோட்டமே வெப்பத்தைக் கடத்துகிறது.

பைக் எஞ்சினின் புகையும்தான் திரும்புவதில்லையே என்று ஒவ்வோர் ஆண்டும் ஒருவராவது கேட்கிறார். நல்ல கேள்வி, ஐந்தாம் படியில் பதில் இருக்கிறது.

3. எல்லைக்கோடு வரைந்து அம்புகளைக் குறியுங்கள்

செயல்படு பொருளை மட்டும் சுற்றி ஒரு கோடு போடுங்கள். கல்யாண மண்டபத்து ஜெனரேட்டர் என்றால் சிலிண்டருக்குள் இருக்கும் வாயு. ஸ்பிளிட் ஏசி என்றால் செம்புக் குழாய்க்குள் ஓடும் குளிர்பதனப் பொருள். அறையையும் சேர்த்துக் கோடு போடுவது வழக்கமான பிழை. அப்படிச் செய்தால் அறையிலிருந்து குழாய்க்குள் செல்லும் வெப்பம் கோட்டுக்குள்ளேயே அடங்கிவிடும். நாம் எண்ண வேண்டிய அம்பே காணாமல் போய்விடும்.

இப்போது கோட்டைக் கடக்கும் வெப்பத்தையும் வேலையையும் அம்புகளாகக் குறியுங்கள். நிகர வேலை வெளியே வந்தால் அது எஞ்சின். இரண்டு வரைபடங்களிலும் சுழற்சி கடிகாரத் திசையில் செல்லும். நிகர வேலை உள்ளே சென்றால் எதிர்த்திசை (வேலைக்குப் பதில் வெப்பமே இயக்கும் வகை ஏழாம் படியில் வரும்). பின்னதில் குளிர்விப்பது நோக்கமானால் அது குளிர்பதனி, சூடாக்குவது நோக்கமானால் வெப்ப ஏற்றி. விடுதிகளில் குளிப்பதற்கு வெந்நீர் தரும் வெப்ப ஏற்றியும் அதே கட்டடத்தின் ஏசியும் ஒரே சுழற்சியில்தான் ஓடுகின்றன. நாம் எந்த அம்பைப் பயன் என்று கொள்கிறோம் என்பதில் மட்டுமே வேறுபாடு. அதனால்தான் ஒரே வெப்பநிலைகளுக்கிடையே வெப்ப ஏற்றியின் செயல்திறன் குணகம் (பயனாகும் வெப்பத்தைச் செலுத்திய வேலையால் வகுத்த எண்) குளிர்பதனியினதைவிட எப்போதும் சரியாக 1 கூடுதலாக வருகிறது.

4. பொருள் நிலை மாறுகிறதா என்று பாருங்கள்

சுற்று முழுவதும் பொருள் வாயுவாகவே இருந்தால் அது வாயுச் சுழற்சி. ஓரிடத்தில் திரவமாகி மற்றோரிடத்தில் ஆவியானால் அது ஆவிச் சுழற்சி.

இந்தக் கேள்வி ஏன் நிகழ்வுகளின் பெயர்களுக்கு முன்னால் வர வேண்டும்? வாயு டர்பைனின் பிரேட்டன் சுழற்சியையும் அனல் மின்நிலையத்தின் ராங்கின் சுழற்சியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். இரண்டிலும் இரண்டு அழுத்தம் மாறா நிகழ்வுகள், இரண்டு என்ட்ரோபி மாறா நிகழ்வுகள் (இழப்பில்லாத வெப்பப் பரிமாற்றமில்லா நிகழ்வுகள்). பட்டியல் ஒன்றேதான். நிலைமாற்றத்தைக் கேட்காமல் நிகழ்வுகளுக்குத் தாவியவருக்கு இவ்விரண்டையும் பிரிக்க வழியே இருக்காது.

இது வெறும் பெயர் வேறுபாடும் அன்று. 10 கிலோபாஸ்கலில் உள்ள ஒரு கிலோ நீரை 4 மெகாபாஸ்கலுக்கு ஏற்ற ஒரு பம்புக்கு ஏறத்தாழ 4 கிலோஜூல் வேலை போதும், ஏனெனில் நீரின் பருமன் கிலோவுக்கு 0.001 கன மீட்டர்தான். அதே அழுத்தத்தில் 400 டிகிரி செல்சியஸ் நீராவியாக டர்பைனுக்குள் செல்லும் அந்த ஒரு கிலோ, இழப்பில்லாக் கணக்கில், ஆயிரம் கிலோஜூலுக்கு மேல் வேலை தருகிறது. வாயு டர்பைனிலோ, டர்பைன் தரும் வேலையில் ஏறக்குறைய பாதியைக் கம்ப்ரசரே தின்றுவிடுகிறது. வாயுவை அமுக்குவது அவ்வளவு செலவு பிடிக்கும் காரியம்.

5. திறந்ததா, மூடியதா; எரிதல் உள்ளேயா, வெளியேயா

ஃபிரிட்ஜில் ஒரே பொருள் பல ஆண்டுகள் சுற்றி வருகிறது. அது மூடிய சுழற்சி. பைக் எஞ்சினில் ஒவ்வொரு சுற்றுக்கும் புதுக் காற்று நுழைகிறது; அது திறந்த சுழற்சி. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் நீராவி எஞ்சின் ஒரு நல்ல இடைப்பட்ட எடுத்துக்காட்டு. எரிதல் வெளியே நடக்கிறது, நிலைமாற்றமும் உண்டு, ஆனால் வேலை முடித்த நீராவி புகைபோக்கி வழியே போய்விடுகிறது. வழியில் நின்று தண்ணீர் பிடிக்க வேண்டியிருப்பது அதனால்தான்.

திறந்த எஞ்சினை எப்படிச் சுழற்சி என்று கொள்வது? காற்றுத் தரநிலைக் கருதுகோள்கள் இங்கே உதவுகின்றன. சிலிண்டருக்குள் இருப்பது நல்லியல்பு வாயுவான காற்று மட்டுமே என்று கொள்கிறோம். எரிதலுக்குப் பதில் வெளியிலிருந்து வெப்பம் வந்தது என்கிறோம். புகையை வெளியேற்றிப் புதுக் காற்றை இழுப்பதற்குப் பதில், அதே காற்று வெப்பத்தை இழந்து தொடக்க நிலைக்குத் திரும்பியது என்கிறோம். இந்த மூன்றையும் விடைத்தாளில் எழுதாமல் பைக் எஞ்சினை ஆட்டோ (Otto) சுழற்சி என்று எழுதுவது நியாயப்படுத்தாத கூற்று. மதிப்பெண் குறைத்தால் கோபித்துக்கொள்ளக் கூடாது.

6. எஞ்சின் கிளை: வெப்பம் எந்த நிகழ்வில் உள்ளே செல்கிறது

வாயு எஞ்சின்களின் பெயர்கள் பெரும்பாலும் இந்த ஒரு கேள்வியில் தீர்ந்துவிடும். பருமன் மாறாமல் வெப்பம் சேர்ந்தால் ஆட்டோ. அழுத்தம் மாறாமல் சேர்ந்து, பருமன் மாறாமல் வெளியேறினால் டீசல். முதலில் பருமன் மாறாமலும் பிறகு அழுத்தம் மாறாமலும் சேர்ந்தால் இரட்டைச் சுழற்சி. சேர்வதும் வெளியேறுவதும் அழுத்தம் மாறாமலே நடந்தால் பிரேட்டன். வெப்பநிலை மாறாமல் சேர்ந்து வெளியேறி, இடைப்பட்ட இரண்டு நிகழ்வுகள் பருமன் மாறாதவையாக இருந்தால் ஸ்டெர்லிங். அவை அழுத்தம் மாறாதவையாக இருந்தால் எரிக்சன்.

தேவகோட்டைப் பக்கத்து வயல்களில் பெட்ரோலில் தொடங்கிச் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றும் பழைய பம்புசெட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். அதன் தலைப்பகுதியைப் பாருங்கள்: ஸ்பார்க் பிளக் இருக்கிறது. முன்பே கலந்து வைத்த எரிபொருளும் காற்றும் பிஸ்டன் உச்சியில் இருக்கும் மிகக் குறுகிய நேரத்தில் எரிந்து முடிகின்றன. அந்த நேரத்தில் பருமன் மாறவில்லை என்று கொள்ளலாம். ஆகவே ஆட்டோ. மண்ணெண்ணெய் என்பதால் எதுவும் மாறவில்லை. எரிவாயுவில் ஓடும் ஆட்டோரிக்‌ஷாவும் அப்படியே. பெயர்ப் பொருத்தம் அங்கே தற்செயல்!

மண்டபத்து ஜெனரேட்டரில் ஸ்பார்க் பிளக் கிடையாது. அமுக்கத்தால் சூடேறிய காற்றுக்குள் டீசல் பீய்ச்சப்படுகிறது. “சார், டீசல்தான் ஊத்துறாங்க, அப்போ டீசல் சைக்கிள்தானே?” என்று கேட்பார்கள். இன்றைய வேக எஞ்சின்களில் முதலில் பீய்ச்சிய பங்கு சட்டென்று எரிந்து அழுத்தத்தை உயர்த்துகிறது. மீதி பீய்ச்சப்படப்பட எரிகிறது. அப்போது பிஸ்டன் கீழே இறங்கிக்கொண்டிருப்பதால் அழுத்தம் ஏறக்குறைய மாறாமல் நிற்கிறது. எனவே இரட்டைச் சுழற்சியே உண்மைக்கு நெருக்கமானது. பாடநூல் கணக்கு டீசல் என்று சொல்லியிருந்தால் டீசல் என்றே போடுங்கள். நேரில் பார்த்த எஞ்சினைப் பற்றி எழுதும்போது இரட்டைச் சுழற்சி என்று எழுதுங்கள்.

இங்கே வரும் மிகப் பெரிய குழப்பத்தைச் சற்று நின்று பார்ப்போம். நான்கு ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகும் ஓட்டம்), நான்கு நிகழ்வு. எனவே ஒன்றுக்கு ஒன்று பொருந்தும் என்று நினைத்து, உறிஞ்சும் ஸ்ட்ரோக்கை முதல் நிகழ்வாக எழுதிவிடுகிறார்கள். பருமன் மாறா நிகழ்வின்போது பிஸ்டன் நகரவே கூடாது. நகராதது எப்படி ஒரு ஸ்ட்ரோக் ஆகும்? ஆட்டோ சுழற்சியின் நான்கு நிகழ்வுகளில் அமுக்கமும் விரிவும் மட்டுமே முழு ஸ்ட்ரோக்குகள். வெப்பம் சேர்வது பிஸ்டன் மேல்முனையில் நிற்கும் கணத்திலும், வெளியேறுவது கீழ்முனையில் நிற்கும் கணத்திலும் நடக்கின்றன. உறிஞ்சுவதும் புகை தள்ளுவதும் கருத்தியல் வரைபடத்தில் ஒரே கோட்டில் போய் வருவதால் ஒன்றையொன்று நீக்கிவிடுகின்றன. இது புரிந்தவருக்கு இரண்டு ஸ்ட்ரோக், நான்கு ஸ்ட்ரோக் என்பது சுழற்சியின் வகையே அன்று, வாயுவை மாற்றும் இயந்திர ஏற்பாடு மட்டுமே என்பதும் புரிந்துவிடும். பழைய இரண்டு ஸ்ட்ரோக் மொபெட்டும் இன்றைய நான்கு ஸ்ட்ரோக் பைக்கும் ஆட்டோ சுழற்சியைச் சேர்ந்தவையே.

ஒப்பிடும்போதும் ஒரு பொறி உண்டு. ஒரே அமுக்க விகிதமும் (சிலிண்டரின் பெருமப் பருமனைச் சிறுமப் பருமனால் வகுத்தது) ஒரே வெப்ப அளவும் கொடுத்தால் ஆட்டோ, இரட்டை, டீசல் என்ற வரிசையில் பயனுறு திறன் (உள்ளே சென்ற வெப்பத்தில் வேலையாகும் பங்கு) குறையும். இதை மட்டும் படித்துவிட்டுப் பெட்ரோல் எஞ்சினே சிக்கனம் என்று எழுதுகிறார்கள். நடைமுறையில் அமுக்க விகிதம் ஒன்றாக இருப்பதில்லை. விகிதம் 10 உள்ள ஆட்டோவுக்குக் காற்றுத் தரநிலைப் பயனுறு திறன் 60 விழுக்காடு. விகிதம் 18, வெட்டு விகிதம் (வெப்பம் சேரும்போது பருமன் எத்தனை மடங்காகிறது என்பது) 2 உள்ள டீசலுக்கு 63. உண்மை எஞ்சின்கள் இரண்டுக்கும் வெகு கீழேதான் நிற்கும், ஆனால் வரிசை மாறியதைக் கவனியுங்கள்.

கார்னோ சுழற்சியை இந்தக் கிளையில் எங்கே வைப்பது? எங்கும் வைக்க வேண்டாம். அது இரண்டு வெப்பநிலைகளுக்கிடையே எட்டக்கூடிய உச்ச வரம்பைக் காட்டும் அளவுகோல். அந்தச் சுழற்சியில் ஓடும் இயந்திரத்தை எந்தப் பட்டறையிலும் பார்க்க முடியாது.

7. குளிர்பதனக் கிளை: எது இயக்குகிறது, எது விரிக்கிறது

முதல் கேள்வி, இயக்குவது வேலையா வெப்பமா என்பது. கம்ப்ரசர் இருந்தால் வேலை. கம்ப்ரசருக்குப் பதில் ஓர் உறிஞ்சு கலமும் சூடாக்கும் கலமும் இருந்தால் அது உறிஞ்சு குளிர்பதனம். அதில் இரண்டு பொருள்கள் இருக்கும். எது குளிர்பதனப் பொருள் என்பதைத் தவறாக எழுதுவோர் அதிகம். அம்மோனியா–நீர் இணையில் அம்மோனியா குளிர்பதனப் பொருள், நீர் உறிஞ்சி. லித்தியம் புரோமைடு–நீர் இணையில் நீரே குளிர்பதனப் பொருள்; அதனால்தான் பூச்சியம் டிகிரிக்குக் கீழே அதைக் கொண்டு இறங்க முடியாது.

இரண்டாவது கேள்வி, அழுத்தத்தை இறக்குவது எது என்பது. ஃபிரிட்ஜில் அது ஒரு மெல்லிய கேபிலரி டியூப். ஐஸ் பிளாண்டில் எக்ஸ்பான்ஷன் வால்வு. இரண்டிலும் என்தால்பி மாறுவதில்லை. ஆனால் என்ட்ரோபி கூடுகிறது. வெப்பநிலை–என்ட்ரோபி வரைபடத்தில் இந்த இடத்தில் நேர்க்குத்தான கோடு போடுவது நூற்றுக்குத் தொண்ணூறு பேர் செய்யும் பிழை என்றால் மிகையில்லை. கோடு வலப்புறம் சாய வேண்டும். மீளா நிகழ்வு என்பதால் புள்ளிக்கோடாகவே போடுங்கள்.

விமானங்களில் காற்றைக் கொண்டே குளிர்விக்கும் அமைப்பில் வால்வு உதவாது. நல்லியல்பு வாயுவின் என்தால்பி வெப்பநிலையை மட்டுமே சார்ந்தது. என்தால்பி மாறாமல் அழுத்தத்தை இறக்கினால் வெப்பநிலையும் மாறாது, குளிர்ச்சியே கிடைக்காது. ஆகவே அங்கே ஒரு சிறு டர்பைன் தேவைப்படுகிறது. அது எதிர்த் திசைப் பிரேட்டன். வால்வைக் கண்டால் ஆவிச் சுழற்சி, டர்பைனைக் கண்டால் வாயுச் சுழற்சி என்று நான்காம் படியின் விடையை இங்கே மறுபடி உரசிப் பார்த்துக்கொள்ளலாம்.

கார்பன் டை ஆக்சைடு ஓடும் அமைப்பு வந்தால் கவனமாக இருங்கள். அதன் மாறுநிலை வெப்பநிலை (அதற்கு மேல் எவ்வளவு அமுக்கினாலும் வாயு திரவமாகாத எல்லை) 31 டிகிரி செல்சியஸ்தான். நம் ஊர்க் கோடையில் வெளிக்காற்றே அதைவிடச் சூடாக இருக்கும்போது அது திரவமாகச் சுருங்காது. உயர் அழுத்தப் பகுதியில் நிலைமாற்றம் இன்றியே குளிரும். தாழ் அழுத்தப் பகுதியில் ஆவியாதல் நடப்பதால் அது ஆவி அமுக்கச் சுழற்சிதான். மாறுநிலை கடந்தது என்ற அடைமொழியைச் சேர்க்க வேண்டும்.

8. கணக்கால் உரசிப் பாருங்கள்

தொண்டியில் மீன் ஏற்ற ஐஸ் தரும் அம்மோனியா பிளாண்ட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். உப்புநீர்த் தொட்டியைக் குளிர்விக்கும் குழாய்களில் அம்மோனியா −15 டிகிரியில் ஆவியாகிறது, கண்டன்சரில் 40 டிகிரியில் திரவமாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கெல்வினில் 258, 313. கார்னோ வரம்பு 258 ஐ 55 ஆல் வகுத்தால் 4.69. நீங்கள் கணித்த குணகம் இதைவிடக் குறைவாக இருக்க வேண்டும். 5.69 க்கு அருகில் வந்தால் வெப்ப ஏற்றிக்கான சூத்திரத்தைப் போட்டுவிட்டீர்கள். −0.27 வந்தால் செல்சியஸிலேயே வகுத்திருக்கிறீர்கள். இந்தக் குறை எண்ணை அடிக்கோடிட்டு விடையாகக் கொடுத்தவர்களும் உண்டு.

அழுத்தத்துக்கு வருவோம். அந்த வெப்பநிலைகளில் அம்மோனியாவின் தனி அழுத்தம் 2.36 பார், 15.55 பார், விகிதம் 6.6. சுவரில் மாட்டிய அழுத்தமானிகள் 1.35, 14.54 என்று காட்டும். அவற்றை அப்படியே வகுத்தால் 10.8 வருகிறது. இல்லாத சுமையைக் கம்ப்ரசர் மேல் ஏற்றிவிட்டு, ஒரே படியில் அமுக்க முடியாது, இரு படி வேண்டும் என்று முடிவு எழுதிய ஒரு திட்ட அறிக்கையை நானே திருத்தியிருக்கிறேன்.

9. கூடுதல் உறுப்புகளைத் தனியே குறியுங்கள்

மறு சூடாக்கம் (பாதி விரிந்த பொருளை மீண்டும் சூடாக்குவது), வெப்ப மீட்பு (வீணாகும் வெப்பத்தைச் சுழற்சிக்குள்ளேயே திரும்பப் பயன்படுத்துவது), இடைக்குளிர்விப்பு (அமுக்கத்தின் நடுவில் குளிர்விப்பது) ஆகியவை குடும்பத்தை மாற்றுவதில்லை. மறு சூடாக்கம் சேர்ந்த ராங்கின் ராங்கின்தான். இரண்டு முழுச் சுழற்சிகள் வெப்பத்தால் இணைந்திருந்தால் மட்டுமே கூட்டுச் சுழற்சி என்று எழுத வேண்டும். இராமநாதபுரம் மாவட்டம் வழுதூரிலுள்ள எரிவாயு மின்நிலையத்தில் வாயு டர்பைனிலிருந்து வெளியேறும் சூடான புகையே நீராவியை உண்டாக்குகிறது. மேலே பிரேட்டன், கீழே ராங்கின்.

10. இப்போது பெயரை எழுதுங்கள்

திசை, நிலைமாற்றம், திறந்தது அல்லது மூடியது, வெப்பம் சேரும் முறை, அடைமொழி என்ற வரிசையில் ஒரே வரியாக எழுதுங்கள். மண்டபத்து ஜெனரேட்டர்: எஞ்சின், வாயு, திறந்தது, உள்ளெரி, வெப்பம் இரு கட்டங்களில் சேர்வது, இரட்டைச் சுழற்சி. தொண்டி பிளாண்ட்: குளிர்பதனி, ஆவி, மூடியது, வேலையால் இயங்குவது, வால்வால் விரிவது, ஆவி அமுக்கச் சுழற்சி.

பயிற்சிக்கு, பழைய செட்டிநாட்டு வீடுகளை மாற்றியமைத்த விடுதிகளில் சில இடங்களில் காணப்படும் சத்தமில்லாத சிறு குளிர்பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். கம்ப்ரசர் இல்லை என்றவுடன் எழுதத் தொடங்கிவிடாதீர்கள். பின்புறம் திருப்பிப் பாருங்கள். வளைந்து செல்லும் எஃகுக் குழாய்களும் அடியில் ஒரு சூடாக்கியும் இருந்தால் அம்மோனியா, நீர், ஹைட்ரஜன் மூன்றும் கொண்ட உறிஞ்சு குளிர்பதனம். சிறு மின்விசிறியும் அலுமினியத் துடுப்புகளும் மட்டும் இருந்தால் பெல்டியர். அது இரண்டாம் படியிலேயே வெளியே போய்விட்டது.